"யாரைப் பாக்கணும்?"

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் நடைக் குறிப்புகளைப் படித்துவிட்டு நானும் காலையில் நடக்க ஆரம்பித்தேன். தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமம் என் ஊர். கல்யாணமாகி அம்மாபேட்டைக்கு வந்தேன், வேலை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில். நீங்கள் ஒரு தெருவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறீர்கள். நான் நடந்தால் வீடு, கடை, சாக்கடை, பைக், மறுபடி வீடு, அவ்வளவுதான். ஏற்காடு போனால் ஒவ்வொரு வளைவிலும் நிற்கத் தோன்றுகிறது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருப்பதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பார்க்க ஒன்றுமே இல்லையா, இல்லை எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா? இன்னொரு சங்கடம், கொஞ்சம் மெதுவாக நடந்தாலே திண்ணையில் இருப்பவர்கள் "யாரைப் பாக்கணும்?" என்று கேட்கிறார்கள். பதில் தெரியாமல் வேகமாக வந்துவிடுகிறேன்.

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை.

மிளகுக்கொடியை அரைமணி நேரம் பார்த்தவருக்குப் பார்க்கத் தெரியாது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏற்காட்டில் எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய், லேடீஸ் சீட்டில் நின்று, இருட்டியதும் கீழே மின்னுகிற சேலத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த விளக்குகளில் உங்கள் தெரு விளக்கும் உண்டு. ஆனால் தெருவில் போர்டு கிடையாது. அங்கே கண்ணில் படுவதெல்லாம் யாரோ செய்துகொண்டிருக்கிற வேலை, இல்லாவிட்டால் செய்து முடித்த வேலையின் மிச்சம். அது என்ன வேலை, யார் செய்கிறார்கள், எந்த நேரத்தில் செய்கிறார்கள் என்று தெரியாதவரைக்கும் வெறும் சுவரும் வாசலும்தான் தெரியும். அதனால் அழகாக ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். இந்தத் தெருவில் இந்த நேரத்தில் யார் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

நீங்கள் எத்தனை மணிக்கு நடக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எட்டு மணிக்கு என்றால் அம்மாபேட்டையின் காலை வேலையில் முக்கால்வாசி முடிந்துபோயிருக்கும். விடியும்போது போய்ப் பாருங்கள். நெசவாளர் வீடுகள் இருக்கிற தெருவில் பாவு போடுவார்கள். சாயமேற்றிய நீளவாட்டு நூலைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி தெளித்து உலர விடுகிற வேலை அது. ஒரு சேலைக்கு ஆறு மீட்டருக்கு மேல் நூல் ஓட வேண்டும். மூன்று சேலைக்கு ஒரு பாவு என்றால் கிட்டத்தட்ட 20 மீட்டர் நேரான இடம் வேண்டும், அவ்வளவு நீளமான கூடம் எந்த வீட்டில் இருக்கிறது? தெருதான் கூடம். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழைகள் ஒட்டிக்கொள்ளும், காற்று எழுந்தால் நூல் சிக்கும், ஸ்கூல் வேன் வந்தால் வழி விட வேண்டும். அதனால்தான் அந்த அவசரம், அதனால்தான் அந்த நேரம். அக்கம்பக்கத்தார் வந்து ஆளுக்கொரு முனை பிடிக்கிறார்களே, நாளைக்கு அவர்கள் பாவுக்கு இவர்கள் போவார்கள். மண் தெருவாக இருந்தால் முளை அடிக்கலாம், சிமெண்ட் போட்ட தெருவில் அது முடியாது, கம்பத்தையும் தூணையும்தான் தேட வேண்டும். கார் நிறுத்த ஆரம்பித்துவிட்ட தெருக்களில் பாவு போடுவதே பெரும்பாடு. ஒரு கார் எங்கே நிற்கிறது என்பதுகூட இந்தப் பேட்டையில் ஒருவருடைய பிழைப்போடு சம்பந்தப்பட்ட விஷயம், இது தெரிந்த பிறகு அந்தத் தெருவை உங்களால் பார்க்காமல் கடக்க முடியாது.

பத்து மணிக்கு மேல் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. விசைத்தறி மூச்சு விடாமல் ஒரே தாளத்தில் அடிக்கும். கைத்தறி நடுநடுவே நிற்கும், இழை அறுந்திருக்கும், இல்லை தார், அதாவது குறுக்கே ஓடுகிற நூல் சுற்றிய குச்சி, தீர்ந்திருக்கும், அப்புறம் மறுபடி தொடங்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே எந்த வீட்டில் எந்தத் தறி என்று கொஞ்ச நாளில் சொல்லிவிடுவீர்கள். அமாவாசை அன்று பல வீடுகளில் தறியில் உட்கார மாட்டார்கள், தெருவே வேறு மாதிரி இருக்கும். மழைக்காலத்தில், நெய்கிறவர் காலை இறக்கி மிதிக்கிற தறிக்குழியில் ஈரம் ஊறும், வெளியே பாவு போடவும் முடியாது, அந்த வாரங்களில் மளிகைக் கடைக் கடன் நோட்டு கனக்கும். சில வாசல்களில் பேச்சு சௌராஷ்டிர மொழியில் நடக்கும், உங்களைக் கண்டதும் அப்படியே தமிழுக்கு மாறும். இதையெல்லாம் கவனிக்க எங்கும் போய் நிற்க வேண்டியதில்லை, கடைக்குப் போகிற வழியிலேயே கேட்கும்.

இப்போது அந்தச் சங்கடத்துக்கு வருகிறேன். ஒரு பெண் கையில் பை இல்லாமல், அவசரமும் இல்லாமல் நடந்தால் நம் ஊரில் காரணம் கேட்பார்கள். ஆணையும் கேட்பதுண்டு, ஆனால் அவனுக்கு எந்தத் தெருவிலும் ஒரு டீக்கடை பெஞ்ச் இருக்கிறது, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். நமக்கு அந்த பெஞ்ச் இன்னும் முழுசாகக் கிடைக்கவில்லை, எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனாலும் அந்தத் திண்ணைக் கேள்வியை விரட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரு அவர்களுக்குப் பட்டறை, நீங்கள் பட்டறைக்குள் நடந்து வருகிறீர்கள், கேட்கத்தான் செய்வார்கள். "யாரையும் இல்லைங்க, சும்மா நடக்கிறேன், பக்கத்துத் தெருதான்" என்று நின்று சொல்லுங்கள். இன்னார் வீட்டு மருமகள் என்று சொல்ல விருப்பமில்லாவிட்டால் தெருப் பெயர் போதும். அடுத்த கேள்வி உங்களுடையது, "இது என்ன சேலைங்க, எத்தனை நாள் ஆகும்?" தன் வேலையைப் பற்றி மரியாதையாகக் கேட்கிறவரிடம் முகம் திருப்பிக்கொள்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

ஒன்று மட்டும், போனை எடுக்காதீர்கள். தறியில் இருக்கிற டிசைன் போட்டோவாக வெளியே போனால் விசைத்தறிக்குப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு, நியாயமான பயம். சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985-லேயே சட்டம் வந்தது, இருந்தும் பயம் தீரவில்லை.

அம்மாபேட்டை முடிந்தால் செவ்வாய்பேட்டை, பனங்காடு பக்கம் போங்கள். அங்கே வெள்ளிக் கொலுசு வேலை. கம்பி இழுப்பது ஒருவர், பற்ற வைப்பது இன்னொருவர், மெருகு போடுவது வேறொருவர் என்று ஒரு கொலுசு பல கை மாறித்தான் கடைக்கு வரும். பட்டறையில் கூட்டிய குப்பையைத் தெருவில் கொட்ட மாட்டார்கள், வெள்ளித்தூள் இருக்கும், சேர்த்து வைப்பார்கள். சாயந்திரம் ஆனால் எல்லாப் பேட்டைக்கும் பொதுவாகத் தட்டுவடை செட் வண்டி வந்துவிடும். சாப்பிட்டிருப்பீர்கள், ஒரு தடவை கையைப் பாருங்கள். பேச்சு வாடிக்கையாளரிடம் இருக்க, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் இரண்டு சட்னியும் இரண்டு வடைக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கும்.

திருமணிமுத்தாற்றுப் பாலத்தை எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோம். அங்கேயும் நில்லுங்கள். நீங்கள் ஏற்காட்டில் நின்று ரசித்த அதே சேர்வராயன் மலைப் பக்கமிருந்து வருகிற தண்ணீர்தான், ஊருக்குள் சாக்கடையும் சாயக் கழிவும் கலந்து இப்படி ஆகியிருக்கிறது. காலையில் நூலில் பார்த்த நிறத்துக்கும் இந்த ஆற்றுக்கும் தொடர்பு உண்டு. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பிடித்ததை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் ஊரில் பாதியை விட்டுவிடுவோம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு நாள் அஞ்சரை மணிக்குக் கிளம்புங்கள். பாவு போடுவதைப் பார்த்தால், அது பட்டு நூலா பருத்தி நூலா, எத்தனை சேலைக்கு, கூட வந்து முனை பிடித்தவர்கள் யார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். உங்கள் தெருக் குறிப்பை, நீங்கள் சரி என்றால், இந்தத் தளத்திலேயே போடுகிறேன்.

அன்புடன்