கேள்வி-பதில்: டிரான்ஸ்மிட்டர் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும்

மழைக்காலம் ஓய்ந்து மெர்சிங்கிலிருந்து தியோமான் தீவுக்குப் படகுகள் வழக்கம்போல ஓடத் தொடங்கியதும், குளுவாங் பக்கத்துப் பிள்ளைகளிடமிருந்து ஒரே சாமானைப் பற்றிக் கடிதங்கள் வருகின்றன. முக்குளிப்பவர்கள் டேங்கிலிருந்து மூச்சு விட உதவும் ரெகுலேட்டரில் திருகி மாட்டும் டிரான்ஸ்மிட்டர்தான் அது. டேங்கில் எவ்வளவு காற்று மிச்சம் என்பதை ஹோஸ் இல்லாமல் மணிக்கட்டில் இருக்கும் டைவ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். விலை சுலபமாக ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டும். தோட்டத்துச் சம்பளத்தில் அது பெரிய காசு. அதனால் இந்த வாரம் முழுக்க இதற்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

புது டிரான்ஸ்மிட்டர். சுவிட்சும் இல்லை, விளக்கும் எரியவில்லை. ராத்திரி முழுக்க அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரோடு சேர்க்கப் பார்த்தேன், முடியவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?

ரெகுலேட்டரை டேங்கில் மாட்டி வால்வைத் திறங்கள். காற்றழுத்தம் ஏறாமல் அது விழிக்காது.

அண்ணே, தண்ணீருக்குள் அழுத்தம் காட்டும் எண் அடிக்கடி மறைந்து போகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக வருகிறது. கேமராவோடு போனால் இன்னும் மோசம். சாமான் கோளாறா?

அநேகமாக இல்லை தம்பி. புளூடூத் மாதிரி அலைகளைக் கடல்நீர் உடனே விழுங்கிவிடும். அதனால் பல நிறுவனங்கள் 38 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அலையைப் பயன்படுத்துகின்றன. அது எட்டுவது ஒன்று, ஒன்றரை மீட்டர்தான். தொடர்ந்து பேசிக்கொண்டும் இருக்காது, சில வினாடிக்கு ஒருமுறைதான் எண்ணை அனுப்பும். டிரான்ஸ்மிட்டர் வலப்பக்கமும் கம்ப்யூட்டர் இடது கையிலும் இருந்து, அந்தக் கையை நீட்டிப் படம் எடுத்தால் எண் தவறிப் போவது சகஜம். கம்ப்யூட்டரை டிரான்ஸ்மிட்டர் இருக்கும் பக்கத்துக் கைக்கு மாற்றுங்கள். கேமராவின் ஃபிளாஷும் இந்த அலையைக் குழப்பும், ஒரு டைவ் முழுக்க அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டும் செய்த பிறகு, மணிக்கட்டை டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் கொண்டு போனாலும் எண் வரவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் கடைக்காரரிடம் போக வேண்டும்.

பேட்டரி விலை கட்டுபடியாகவில்லை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அதே அளவில் சார்ஜ் ஏற்றும் பேட்டரி விற்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள். பல டிரான்ஸ்மிட்டர்கள் கேட்பது சார்ஜ் ஏற்றாத 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. சில CR2 எடுக்கும், சில CR123A. உங்களுடையது எது என்று கையேட்டில் இருக்கும். சார்ஜ் ஏற்றும் வகை அதே அளவில் இருந்தாலும், நிறைய ஏற்றியதும் 3 வோல்ட்டைத் தாண்டும். உள்ளே இருக்கும் சர்க்யூட் அதற்காகச் செய்தது அல்ல.

நானும் ஒருமுறை சந்தையில் மலிவாக மூன்று பேட்டரி வாங்கினேன். தியோமானில் இரண்டாம் நாள், 18 மீட்டர் ஆழத்தில், திரையில் எண் இருந்த இடத்தில் கோடுதான் இருந்தது. ஹோஸில் மாட்டும் சாதாரண அழுத்தமானி (கேஜ்) கூடவே தொங்கியதால் நிதானமாக மேலே வந்தேன். அந்த வாரம் அதற்கு மேல் முக்குளிக்க மனம் வரவில்லை, கட்டிய பணமும் போனது. பேட்டரியை மாற்றும்போது மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் பாருங்கள். ஒரு மணல் துகளோ ஒரு முடியோ ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும்.

என்னிடம் கார்மின் கடிகாரம் இருக்கிறது. சுவுன்டோ டிரான்ஸ்மிட்டர் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கட்டுமா?

வேண்டாம். கார்மின் ஒலியலையில் பேசுகிறது, சுவுன்டோ ரேடியோ அலையில். இரண்டும் ஒன்றையொன்று கேட்கவே கேட்காது.

வணக்கம் ஐயா. தம்பியின் பிறந்த நாளுக்காக ஆறு மாதம் சேர்த்து, கடையில் புதிதாக வாங்கினேன். மூன்றாவது டைவிலேயே டிரான்ஸ்மிட்டர் செத்துவிட்டது. புது பேட்டரி போட்டும் பலனில்லை. கடைக்காரர் ரசீதைக் காட்டி, "விற்ற சாமான் திரும்பப் பெறப்படாது என்று அச்சடித்திருக்கிறதே" என்கிறார். – ஒரு தோட்ட அலுவலக ஊழியர்

தங்கச்சி, அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் எத்தனையோ வருடமாகத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். மின்விசிறி, கைத்தொலைபேசி, பள்ளிக்கூடப் பை என்று எந்த ரசீதைப் புரட்டினாலும் அது இருக்கும். என் அம்மா தையல் இயந்திரம் வாங்கி ஏமாந்ததும் அந்த வரியால்தான். அப்போது எனக்கு விவரம் தெரியாது. இப்போது தெரியும், அதனால் சத்தமாகச் சொல்கிறேன்: மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதை வேண்டுமானால் கடைக்காரர் மறுக்கலாம். பழுதான சாமானுக்கு அந்த வரி செல்லாது.

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் சாமான் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அந்த உறுதியைக் கடைக்காரர் ரசீதிலோ சுவரிலோ எழுதிப்போட்டு ரத்து செய்ய முடியாது. பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும்.

முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் போதும், ஆனால் வாய்ப்பேச்சு வேண்டாம். தேதி போட்டு, நியாயமான கெடு கொடுங்கள். பேட்டரி மாற்றிய பிறகும் வேலை செய்யவில்லை என்பதை டேங்கில் மாட்டி வீடியோ எடுத்து வையுங்கள். அப்புறமும் மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. பதியக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, கடைக்காரரும் பொதுவாக வழக்கறிஞரைக் கூட்டிவர முடியாது. இணையத்திலும் பதியலாம். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் விட்டால் அது குற்றம். ஆறு மாதச் சேமிப்பை விட்டுவிடாதீர்கள், தங்கச்சி. என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

முகநூலில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். பேட்டரி அறையில் பச்சைத் துரு படிந்திருக்கிறது. அதே நடுவர் மன்றத்துக்குப் போகலாமா?

விற்றவர் வியாபாரியாக இருந்தால் போகலாம். சொந்தச் சாமானை விற்ற தனியாள் என்றால் முடியாது. பணம் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும், டேங்கில் மாட்டி எண் வருகிறதா என்றும் கேட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம். இதே தவறில் 600 வெள்ளி இழந்த பிறகுதான் நான் இந்தப் பழக்கத்துக்கு வந்தேன்.

படகில் டேங்கைத் தூக்கும்போது டிரான்ஸ்மிட்டர் கழுத்தோடு முறிந்துவிட்டது. வாரண்டி கிடைக்குமா?

எதைப் பிடித்துத் தூக்கினீர்கள் என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை. டிரான்ஸ்மிட்டரைப் பிடித்திருந்தால் கிடைக்காது. அது கைப்பிடி இல்லை என்று கற்றுக்கொடுப்பவர்கள் முதல் நாளே சொல்கிறார்கள். படகில் உதவும் பையன்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம், அவர்களிடம் சொல்வது உங்கள் வேலை.

நண்பனின் டிரான்ஸ்மிட்டரின் அடையாள எண்ணை என் கம்ப்யூட்டரில் போட்டால் வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் திரையில் வருவது நண்பனின் டேங்கில் இருக்கும் காற்று. உங்களுக்கு 60 பார் (காற்றழுத்த அளவு) மிச்சமிருக்கும்போது அது 140 என்று காட்டலாம். தண்ணீரில் இறங்கும் முன் வால்வைத் திறந்து, எண் உங்கள் டேங்கினுடையதுதானா என்று கேஜோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிரான்ஸ்மிட்டர் வாங்கிய பிறகு பழைய கேஜை விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். ரெகுலேட்டரின் இரண்டாவது ஹெச்பி (உயர் அழுத்த) துவாரத்தில் அது இருக்கட்டும்.