என்னால்தான் அணி தோற்கிறதா?

கேள்வி: மேடம், எங்கள் குடியிருப்பில் பெண்கள் ஐந்து ஐந்து பேராக இரண்டு அணி பிரித்து எடை குறைப்புப் போட்டி நடத்துகிறோம். ஆளுக்கு 500 ரூபாய் போட்டிருக்கிறோம். இரண்டு மாத முடிவில் அதிக கிலோ குறைத்த அணிக்கு முழுப் பணமும். ஞாயிறு காலையில் எடை பார்ப்போம். எனக்கு வயது 44, உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோவில் ஆரம்பித்தேன். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் இரண்டும் கலந்த மாத்திரை சாப்பிடுகிறேன். முதல் வாரம் 2 கிலோ இறங்கியது. அப்புறம் அசையவே இல்லை. சோற்றை அடியோடு நிறுத்து, ராத்திரி பட்டினி இரு, சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரும் வேண்டாம் என்கிறார் எங்கள் கேப்டன் அக்கா. போன வாரம் ஒருநாள் ராத்திரி கை நடுங்கி உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ‘உன்னாலதான் நாம பின்னாடி நிக்கிறோம்’ என்று குரூப்பில் போடுகிறார்கள். விலகிவிடட்டுமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: போட்டியை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த நடுக்கம். அது பெரும்பாலும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதால் வந்தது. கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை. நீங்கள் சாப்பிடாமல் படுத்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதனால் ராத்திரி பட்டினியை இன்றோடு விடுங்கள். மறுபடி நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். அப்போதும் தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தெளிந்தால் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து, சாப்பாட்டைக் குறைத்திருப்பதையும் நடுக்கம் வந்ததையும் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதல் வாரம் இறங்கிய 2 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேமிப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றைச் சட்டென்று குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் வெளியேறிவிடுகிறது. கொழுப்பு அந்த வேகத்தில் கரையாது. வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் அதுவே நல்ல வேகம். சனிக்கிழமை தண்ணீர் குடிக்காமல் இருந்து காட்டும் எடை, ஞாயிறு மதியத்துக்குள் திரும்பி வந்துவிடும். சென்னை வெயிலில், அதுவும் சர்க்கரை உள்ளவர்கள் இப்படித் தண்ணீரை நிறுத்துவது ஆபத்து. இதை உங்கள் கேப்டன் அக்காவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஆனால் விலக வேண்டாம். என்னிடம் வருகிற வடசென்னைப் பெண்கள் பலருக்கும் தங்களுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குவதே பெரும்பாடு. தனியாக வாக்கிங் போகக் கூச்சப்படுகிறவர், நாலு பேர் வாசலில் வந்து கூப்பிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அந்த நாலு பேரை இழக்காதீர்கள். விதியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கிலோ கணக்கே நியாயம் இல்லை. 95 கிலோ இருப்பவருக்கு 3 கிலோ என்பது 3 சதவீதம்தான். 60 கிலோ இருப்பவருக்கு அதே 3 கிலோ 5 சதவீதம். எடைக்கு மதிப்பெண் வைத்தே ஆக வேண்டுமானால் சதவீதத்தில் வையுங்கள். உங்களுக்கு 5 சதவீதம் என்றால் 3.7 கிலோ. இரண்டு மாதத்துக்கு அதுவே நிறைவான இலக்கு.

அதைவிட, செய்த காரியத்துக்கு மதிப்பெண் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. நடந்ததற்கு ஒன்று, இரண்டு வேளை காய் சாப்பிட்டதற்கு ஒன்று, டீயில் சர்க்கரை போடாததற்கு ஒன்று. நம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை. உங்களுக்கு நோய் ஏற்கெனவே வந்துவிட்டது என்றாலும், எடை அசையாத வாரத்திலும் உடம்புக்குள் நல்லது நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். இடுப்பையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

சோற்றை நிறுத்த வேண்டாம். தட்டில் பாதி பொரியலும் கீரையும், கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கில் முட்டை, மீன், சுண்டல் ஏதாவது ஒன்று. ராத்திரி ஏழரைக்குள் சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடக்கலாம். காலையில் என்றால் ராபின்சன் பூங்கா இருக்கவே இருக்கிறது. குரூப்பில் யார் பெயரையும் சொல்லிக் குறை போடக்கூடாது என்பதையும் ஒரு விதியாக எழுதிவிடுங்கள். இதற்குப் பிறகும் அவர்கள் பட்டினிதான் என்றால், உங்களோடு நடக்க வருகிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தனி அணியாகிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் எடை குறைப்புப் போட்டி முடிந்ததும் எல்லோரும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடப் போகிறோம். பட்ட பாடு வீணாகிவிடுமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: ஒரு நாளில் வீணாகாது, சந்தோஷமாகப் போய் வாருங்கள். ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். முட்டைக்கோசும் வெங்காயமும் கூடுதலாகக் கேளுங்கள். பூண்டு எண்ணெயையும் மேலே நொறுக்கிப் போடும் பேஜோ என்ற எண்ணெயில் பொரித்த பலகாரத்தையும் குறைக்கச் சொல்லுங்கள். கூடத் தருகிற வாழைத்தண்டு சூப்பை முதலிலேயே குடித்துவிட்டால் பசி கொஞ்சம் அடங்கும். மறுநாள் வழக்கமான சாப்பாடுதான். ஈடுகட்டுகிறேன் என்று பட்டினி கிடக்க வேண்டாம்.