டார்ட்ஸ் பலகையைக் கழற்றிவிட்டார்கள்!

கேள்வி: பதினாறு வருடங்களாகத் தென்கிழக்கு லண்டனில் இருக்கிறேன். வாரம் இரண்டு நாள் தெருமுனை பப்பில் ஒரு பைன்ட், கொஞ்சம் அரட்டை, பலகையில் சிறு அம்பு எறியும் டார்ட்ஸ் ஆட்டம். போன மாதம் முதலாளி மாறினார். டார்ட்ஸ் பலகை போய்விட்டது, சுவரெல்லாம் சாம்பல் நிறம், உட்கார முன்பதிவு கேட்கிறார்கள். அடுத்து இடித்து வீடு கட்டிவிடுவார்களோ என்று பழைய ஆட்கள் பயப்படுகிறார்கள். நாங்கள் என்ன செய்ய முடியும்?

பதில்: சாம்பல் நிறம் கிடக்கட்டும். ‘முதலாளி மாறினார்’ என்கிறீர்களே, எந்த முதலாளி? கட்டடத்துக்குச் சொந்தக்காரரா, பாரை நடத்துகிறவரா? இங்கிலாந்தில் பல பப்புகளில் இருவரும் வேறு வேறு ஆட்கள். கட்டடம் ஏதாவது பீர் ஆலைக்கோ பப் கம்பெனிக்கோ சொந்தமாக இருக்கும், நடத்துகிறவர் குத்தகைக்காரர். ‘டை’ ஒப்பந்தம் இருந்தால் பீரையும் அவர்கள் வழியாக, அவர்கள் வைத்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். 1989-ல் அரசு இதில் கை வைத்தது. 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த ஆலைகள் கணிசமானவற்றை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. அவற்றை வாங்கிக் குவித்தவை பப் கம்பெனிகள். குத்தகைக்காரர் பாடு பெரிதாக மாறவில்லை.

இப்படி நெருக்கப்படுகிற மனிதர் சாப்பாட்டில்தான் நாலு காசு பார்க்க நினைப்பார். டார்ட்ஸ் எறிய பலகைக்கு முன்னால் 2.37 மீட்டர் காலியாக விட வேண்டும். அந்த இடத்தில் இரண்டு மேஜை போடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். எனக்கும் பிடிக்கவில்லைதான், ஆனால் அதைச் சதி என்று சொல்ல மாட்டேன்.

கட்டடமே கைமாறியிருந்தால் கதை வேறு. நில உரிமைகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சிறு கட்டணம் கட்டினால் உரிமையாளர் பெயர் கிடைக்கும், முதலில் அதைப் பாருங்கள். 2017-லிருந்து இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ வீடாக்கவோ திட்ட அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் இடித்தால் என்ன ஆகும் என்பதற்குக் லண்டனில் கில்பர்ன் பக்கத்து கார்ல்டன் டேவர்ன் என்ற பப் இருக்கிறது. 2015-ல் தரைமட்டமாக்கினார்கள். இருந்தபடியே திருப்பிக் கட்டு என்று உள்ளாட்சி அமைப்பான வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் உத்தரவிட, 2021-ல் மறுபடி திறந்தது.

ஆனால் உரிமையாளர் பப்பைப் பூட்டிப் போட்டுவிட்டு ‘வியாபாரம் இல்லை’ என்று சொல்லி அனுமதி கேட்கவும் வழியிருக்கிறது. அதனால் 2011 சட்டப்படி, பப்பைச் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ பட்டியலில் சேர்க்கக் கவுன்சிலிடம் கேளுங்கள். சங்கம் எதுவும் பதிவு செய்ய வேண்டாம். வட்டார வாக்காளர் பட்டியலில் உள்ள 21 பேர் குழுவாகச் சேர்ந்தால் போதும். காமன்வெல்த் குடிமக்களுக்கும் அங்கே வாக்குரிமை உண்டு என்பதால், இன்னும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மவர்களும் இதில் சேரலாம். பப் ஒருமுறை பட்டியலில் ஏறினால் ஐந்து வருடம் நிற்கும். நடந்து முடிந்த விற்பனையை இது தடுக்காது. அடுத்த முறை விற்க வந்தால், வாங்க முயல உங்களுக்கு ஆறு மாதம் வரை அவகாசம் கிடைக்கலாம். விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் உரிமையாளருக்கு இல்லை.

உங்கள் பக்கத்து நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற பப் இப்படித்தான் தப்பியது. 2013-ல் ஊர்க்காரர்களே பங்கு போட்டு எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். ஒரு மாலை அங்கே போய், எப்படிச் செய்தார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் பப்புக்கும் போங்கள். புதியவரிடம் சண்டை வேண்டாம். பைன்ட் வாங்கிக்கொண்டு, அந்தப் பலகையை எங்கே வைத்திருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.