மெக்ஆர்தரின் புகழ் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவருடைய புகழில் பெரும்பகுதி ஊதிப் பெருக்கப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். அவரை மாணவர்களுக்கு உதாரணமாகச் சொல்லி வந்திருக்கிறேன். உங்கள் தகவல்களை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவராக இப்படிக் கீழே இறக்கிக்கொண்டே போனால் பிள்ளைகளுக்கு யாரைத்தான் காட்டுவது? இறந்துபோன ஒருவரின் நல்ல பெயரைக் கெடுப்பதால் யாருக்கு என்ன லாபம்? அப்புறம், ஒன்றுமே செய்யாமலா ஒருவருக்கு இவ்வளவு பெயர் வரும்? நெருப்பில்லாமல் புகையுமா?

எம்.

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். நெருப்பு இருந்தது, உண்மைதான். 1950 செப்டம்பர் 15 அன்று கொரியாவின் இன்ச்சானில் படைகளை இறக்கியது அவருடைய திட்டம். ஓதம் வற்றினால் கரை முழுக்கச் சேறாகிவிடும் இடம் அது. மேலிடத்தில் பலர் வேண்டாம் என்றார்கள். அவர் பிடிவாதமாக நின்றார், ஜெயித்தார், போரின் போக்கே மாறியது. அந்தப் பெருமையில் ஒரு துளியும் குறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்பே அவர் அமெரிக்காவின் பெரிய நாயகனாகிவிட்டார். எதற்காக என்று பாருங்கள். 1941 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் அவர் பொறுப்பில் இருந்தது. ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய செய்தி அங்கே விடிவதற்கு முன்பே வந்துவிட்டது. விமானப்படைத் தளபதி, தைவானில் இருக்கும் ஜப்பானியத் தளங்களைத் தாக்க அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். உத்தரவு வரத் தாமதமானது. நண்பகலுக்குப் பிறகு ஜப்பானிய விமானங்கள் பிலிப்பைன்ஸிலிருந்த கிளார்க் விமானத் தளத்துக்கு வந்தபோது குண்டுவீச்சு விமானங்கள் தரையில் வரிசையாக நின்றிருந்தன. அவருடைய விமான பலத்தில் ஏறக்குறைய பாதி அன்று ஒரே நாளில் போயிற்று. பேர்ல் ஹார்பரில் பொறுப்பிலிருந்த கிம்மல், ஷார்ட் இருவரின் பதவியும் அந்த மாதமே பறிக்கப்பட்டது. தாக்குதல் வருவது தெரியாமல் அடி வாங்கியவர்கள் அவர்கள். பல மணி நேரம் முன்பே தெரிந்தும் அடி வாங்கிய மெக்ஆர்தருக்கு 1942 மார்ச்சில் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. அந்த மாதம்தான் மேலிட உத்தரவின்படி அவர் பிலிப்பைன்ஸை விட்டுக் கிளம்பியிருந்தார். களத்தை விட்டுப் போனவர் என்று எதிரிகள் பிரச்சாரம் செய்துவிடக் கூடாதே என்பதுதான் மேலிடத்தின் முக்கியமான கவலை.

இது எப்படி நடந்தது? போர் தொடங்கியதிலிருந்து அவர் பிலிப்பைன்ஸை விட்டுக் கிளம்பும் வரை அவருடைய தலைமையகம் வெளியிட்ட அறிக்கைகள் 142. அவற்றில் 109-இல் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே ஆள் மெக்ஆர்தர். பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் அவருடைய சிப்பாய்கள் ஜனவரியிலிருந்தே அரை வயிற்றுச் சாப்பாட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தாயகத்தில் செய்தித்தாளைப் பிரித்தவர்களின் கண்ணில் பட்டது ஒரே ஒரு பெயர். தோல்விச் செய்திகளே வந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. ஜனங்களுக்கு ஒரு நாயகன் வேண்டியிருந்தது.

நல்ல பெயரைக் கெடுப்பதால் யாருக்கு லாபம் என்று கேட்கிறீர்கள். ஜொனாதன் வெயின்ரைட்டுக்கு என்று சொல்வேன். ஜனாதிபதியின் உத்தரவுப்படி மெக்ஆர்தர் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, பட்டினி கிடக்கும் படையோடு பிலிப்பைன்ஸிலேயே இருந்துவிட்ட தளபதி வெயின்ரைட். 1942 மே மாதம் கொரகிடோர் தீவில் சரணடைந்து மூன்று வருடங்களுக்கு மேல் சிறையில் கிடந்தார். நாடு தன்னைக் கோழை என்று தூற்றும் என்று நினைத்துக் குமைந்தார். அவர் சிறைப்பட்ட வருடமே அவருக்கும் அதே பதக்கத்தைக் கொடுக்க ராணுவத் தலைமை முன்வந்தது. கடுமையாக எதிர்த்து அதைத் தடுத்தவர் மெக்ஆர்தர். 1945-இல் விடுதலையாகி வந்த பிறகுதான் அது வெயின்ரைட்டின் கைக்கு வந்தது. ஒருவருக்கு அளவுக்கு மீறிக் கொட்டிக் கொடுக்கும் புகழ் வானத்திலிருந்து விழுவதில்லை, எம். பெரும்பாலும் பக்கத்தில் நின்றவரிடமிருந்து எடுத்ததாக இருக்கிறது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

இன்னொரு கெடுதலும் உண்டு. பெயர் ஓர் அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டால் அந்த ஆளிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. 1920-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடல்வாகு, புத்தி, தலைமை, குணம் என்று தனித்தனியாகத்தான் போடச் சொல்லியிருந்தது. ஒன்றில் உயர்வாக வாங்கியவருக்கு மற்றதிலும் உயர்வாகவே போட்டிருந்தார்கள். இன்ச்சானுக்குப் பிறகு நடந்ததும் அதுதான். அக்டோபரில் வேக் தீவில் ஜனாதிபதி ட்ரூமன் நேரிலேயே கேட்டார். சீனா போரில் இறங்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார் மெக்ஆர்தர். இன்ச்சானில் தவறாகச் சந்தேகப்பட்ட மேலதிகாரிகள் இந்த முறை அழுத்திக் கேட்கத் தயங்கினார்கள். நவம்பர் கடைசியில் சீனப்படை பெருந்திரளாக இறங்கி, வட கொரியா முழுவதிலிருந்தும் அவர் படையைப் பின்வாங்க வைத்தது. போன உயிர்களுக்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம்.

போர்க்களத்தில் மட்டும் நடப்பதல்ல இது. ஆலன் கிரீன்ஸ்பான் 1987 முதல் 2006 வரை அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர். பொருளாதாரத்தின் நாடி தெரிந்த மேதை என்று அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1998-இல் புரூக்ஸ்லி பார்ன் என்ற பெண் அதிகாரி, முன்பேரச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைவராக இருந்தார். வங்கிகள் தங்களுக்குள் ரகசியமாகச் செய்துகொள்ளும் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களை, அதாவது வேறொன்றின் விலையைப் பொறுத்து மதிப்பு ஏறி இறங்கும் ஒப்பந்தங்களை, ஒழுங்குபடுத்த வேண்டாமா என்று பகிரங்கமாகக் கேட்டார். கிரீன்ஸ்பானும் நிதியமைச்சர் ராபர்ட் ரூபினும் சேர்ந்து எதிர்த்தார்கள். நாடாளுமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. பார்ன் அடுத்த வருடம் பதவியை விட்டுப் போனார். பத்து வருடம் கழித்து வங்கிகள் சரிந்தன. 2008 அக்டோபர் 23 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, தான் நம்பியிருந்த அடிப்படையில் ஒரு குறை இருந்ததைக் கிரீன்ஸ்பான் ஒப்புக்கொண்டார். அந்த வாக்குமூலத்தை நேர்மையானது என்றே நினைக்கிறேன். ஆனால் வீடும் வேலையும் இழந்தவர்களுக்கு அதனால் என்ன ஆகிவிடும்? பார்ன் சொன்னதை அன்றே எடை போட்டுப் பார்த்திருக்கலாம். சொன்னவரின் பெயர் சின்னது, மறுத்தவரின் பெயர் பெரியது. பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

பிள்ளைகளுக்கு யாரைக் காட்டுவது என்ற கவலை எனக்கும் உண்டு. மெக்ஆர்தரைப் பாடத்திலிருந்து தூக்கிவிட வேண்டாம். இன்ச்சானைச் சொல்லும்போது கிளார்க் தளத்தையும் சொல்லுங்கள். அந்த டிசம்பர் காலையில் அவருக்கு என்ன தெரியும், எத்தனை மணிக்குத் தெரியும், அவர் என்ன உத்தரவு போட்டார் என்று கரும்பலகையில் எழுதி, அவர்களையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே முடியும். அடுத்த வகுப்பில் வெயின்ரைட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுங்கள். அவரைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.