பதில்: இடைநிலைப் புதைபடிவம் எங்கே என்று கேட்கும் மச்சானுக்கு

"மீன்தான் நிலத்துக்கு வந்தது என்றால், இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒன்றைக் காட்டு" என்று உங்கள் மச்சான் மடக்கியதாக எழுதியிருந்தீர்கள். டிக்டாலிக் என்ற புதைபடிவத்தைக் காட்டுங்கள். ஆனால் படத்துக்கு முன்னால் அது கிடைத்த விதத்தைச் சொல்லுங்கள். வாதத்தின் வலுவே அதில்தான் இருக்கிறது.

அதைத் தேடிய புதைபடிவ ஆய்வாளர்கள் நீல் ஷூபின், டெட் டேஷ்லர் குழுவினர் கண்ட இடத்தில் தோண்டவில்லை. அன்று தெரிந்தவரை, 38.5 கோடி ஆண்டுப் பாறைகளில் மீன்கள் மட்டும், 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் நாலுகால் விலங்குகள் வந்துவிட்டன. அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் ஆற்றோரம் படிந்த பாறையில் தேட வேண்டும் என்று கணித்து, கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் போனார்கள். பல கோடைகள் அலைந்து 2004இல் கண்டுபிடித்தார்கள். செதிலும் துடுப்பும் மீனுடையவை. ஆனால் தலை தட்டை, கழுத்து தனியாகத் திரும்பும், துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகள்!

இதுதான் நம் நேரடி மூதாதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. போலந்தில் இதைவிடப் பழைய நாலுகால் விலங்குக் காலடித் தடங்கள் இருப்பதாக 2010இல் வெளியானதை மச்சான் எடுத்துப் போடலாம். சரி, அதனால் மாற்றம் நடந்த காலம் இன்னும் முன்னே போகலாம். மீன், நாலுகால் விலங்கு என இரண்டு வகை உறுப்புகளும் டிக்டாலிக்கின் ஒரே உடலில் இருப்பது பொய்யாகிவிடாது.

அப்புறம், அவருடைய கடவுள் நம்பிக்கையைச் சீண்ட வேண்டாம், பேச்சு அங்கேயே நின்றுவிடும். எப்படிப்பட்ட எலும்பு கிடைத்தால் ஏற்பீர்கள் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.