வால்தர் என்ற லுத்தரன் இறையியலாளர் யார்? அவர் கற்பித்த நியாயப்பிரமாணம்–சுவிசேஷம் வேறுபாடு ஞாயிறு பிரசங்கத்துக்கு உண்மையில் உதவுமா?

உதவும். ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. "அவுட்லைனில் எத்தனை பாயிண்ட் நியாயப்பிரமாணத்துக்கு (தேவன் நம்மிடம் கேட்பது), எத்தனை சுவிசேஷத்துக்கு (தேவன் நமக்குக் கொடுப்பது)" என்று கேட்டிருக்கிறீர்கள். போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்க மேடை உங்கள் தலையில் விழுகிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இறையியல் கல்லூரியில் படித்தவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள், அதனால் இது உங்களைக் குறை சொல்வது இல்லை. பிரசங்கத்தை இரண்டு துண்டாக வெட்டி, முதல் பாதியில் திட்டி, இரண்டாம் பாதியில் தடவிக்கொடுப்பதை வால்தர் தலையில் கட்டுவதுதான் எரிச்சலாக இருக்கிறது.

முதலில் ஆள் யார் என்பது. கார்ல் ஃபெர்டினான்ட் வில்ஹெல்ம் வால்தர், 1811-ல் ஜெர்மனியின் சாக்சனியில் ஒரு போதகர் வீட்டில் பிறந்தவர். 1829 முதல் லைப்சிக்கில் இறையியல் படித்தார். அங்கே அவர் சேர்ந்த பக்தி வட்டத்தில், பாவத்தை நினைத்து எவ்வளவு வேதனைப்படுகிறாயோ அவ்வளவுக்கு உன் மனந்திரும்புதல் உண்மை என்று போதித்தார்கள். வால்தர் தன்னைத்தானே சோதித்துச் சோதித்து உடைந்துபோனார். உடம்பும் கெட்டது, படிப்பை நிறுத்தி வீட்டுக்குப் போய் லுத்தரின் எழுத்துகளைப் படித்தார். டிரெஸ்டனில் இருந்த மார்ட்டின் ஸ்டெபன் என்ற போதகருக்குக் கடிதம் எழுத, வந்த பதிலில்தான் ஆறுதல் கிடைத்தது. பின்னாளில் அவர் கற்பித்த ஒன்பதாவது கருத்துரை இந்த அனுபவத்திலிருந்து நேரடியாக வருகிறது, கீழே சொல்கிறேன்.

அதே ஸ்டெபனின் தலைமையில்தான் 1838 இறுதியில் சாக்சனி லுத்தரன்கள் ஐந்து கப்பல்களில் அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். 'அமாலியா' என்ற கப்பல் கரை சேரவே இல்லை. ஸ்டெபன் தன்னைப் பேராயராக்கிக்கொண்டார். சில மாதங்களில் ஒழுக்கக்கேடும் பண விவகாரமும் வெளியே வர, 1839 மே மாதம் அவரைப் பதவி நீக்கி மிசிசிப்பி ஆற்றைக் கடத்தி இலினாய் கரையில் விட்டார்கள். மிசூரியின் பெரி கவுண்டியில் மிச்சமிருந்தவர்களுக்குப் பெரிய பயம்: பேராயர் போலி என்றால் நாம் திருச்சபைதானா? நம் போதகர்கள் போதகர்கள்தானா? 1841 ஏப்ரலில் அதே கவுண்டியின் ஆல்டன்பர்க்கில் நடந்த விவாதத்தில் வால்தர் பதில் சொன்னார்: வசனமும் திருச்சடங்குகளும் இருக்கிற இடத்தில், தவறுகளுக்கு நடுவிலும் திருச்சபை உண்டு, போதகரை அழைக்கும் உரிமை சபைக்கு உண்டு. அந்த வருடமே செயின்ட் லூயிஸ் நகரின் திரித்துவ சபைக்குப் போதகரானார். 1844-ல் ஒரு சபைப் பத்திரிகை தொடங்கினார், 1847-ல் மிசூரி சினாட் என்ற லுத்தரன் சபைக் கூட்டமைப்பு உருவாக, அதன் முதல் தலைவரானார், பிறகு 1887-ல் சாகும்வரை அதன் போதகர்களைப் பயிற்றுவிக்கும் கன்கார்டியா செமினரியில் பேராசிரியர்.

நீங்கள் கேட்கிற விஷயம் கடைசிக் காலத்தது. 1884 செப்டம்பர் முதல் 1885 நவம்பர் வரை வெள்ளிக்கிழமை மாலைகளில் மாணவர்களுக்கு 39 உரைகள் ஆற்றினார். 25 கருத்துரைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விளக்கினார். மாணவர்கள் எடுத்த குறிப்புகளிலிருந்து 1897-ல், அவர் இறந்து பத்து வருடம் கழித்து, ஜெர்மனில் புத்தகமாக வந்தது. அதனால்தான் படிக்கும்போது வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும், நடுவில் மாணவர்களுக்குப் புத்திமதியும் வரும்.

முதல் நான்கு கருத்துரைகள் அடித்தளம். நியாயப்பிரமாணம் நாம் செய்ய வேண்டியதைச் சொல்லி, செய்யாததற்குக் குற்றம் சாட்டுகிறது. சுவிசேஷம் தேவன் கிறிஸ்துவில் செய்து முடித்ததைச் சொல்லிக் கொடுக்கிறது. ஐந்தாவது முதல் இருபத்தைந்தாவது வரை, மொத்தம் 21, இவ்விரண்டும் கலந்துபோகிற விதங்கள். அதாவது இது பிரசங்கம் எழுதும் ஃபார்முலா அல்ல, எழுதி முடித்த பிரசங்கத்தை வைத்துப் பார்க்க வேண்டிய பிழைப் பட்டியல். சனிக்கிழமை இரவு 21-ஐயும் பார்க்க முடியாது. இந்த ஐந்து போதும் என்பது என் கருத்து:

ஆறாவது: கண்டிப்பைக் குறைத்து, கிருபையிலும் நிபந்தனை வைப்பது. "முடிந்தவரை செய்யுங்கள், மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டும் கெட்டுப்போகிறது.

ஏழாவது: வரிசை மாறுவது. நற்கிரியை முதலில், கிருபை பிறகு என்று.

எட்டாவது: ஆள் மாறுவது. ஏற்கெனவே நொறுங்கியவனை மேலும் அடிப்பது, பாவத்தில் சொகுசாக இருப்பவனுக்கு ஆறுதல் சொல்வது. மேடையில் நிற்பவருக்கு இதுதான் மிகக் கஷ்டம், ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள் என்பதை வாக்கியத்திலேயே சொல்லிவிடுவதுதான் வழி.

ஒன்பதாவது: பாவ உணர்வால் தவிக்கிறவனை வசனத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் அனுப்பாமல், "சமாதானம் நெஞ்சில் இறங்கும்வரை ஜெபித்துப் போராடு" என்று அவனுடைய உணர்ச்சிக்கே திருப்பி அனுப்புவது. லைப்சிக்கில் அவரை உடைத்தது இதுதான். ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெபத்தின் சூட்டை வைத்து மன்னிப்பை அளக்காதே என்கிறார்.

இருபத்தைந்தாவது: போதனை முழுவதிலும் சுவிசேஷம் மேலோங்கி நிற்க வேண்டும். இது நிமிடக் கணக்கு அல்ல. பதினைந்து நிமிடம் கிருபையைப் பேசி, கடைசி வரியில் "ஆனால் நீங்கள் உண்மையாக இருந்தால் மட்டுமே" என்று முடித்தால், கேட்டவன் அந்த ஒரு வரியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவான்.

லூக்கா 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரி முழுக்க வலைபோட்டு ஒன்றும் கிடைக்காத பேதுரு. நம் சபைகளில் வழக்கமாகக் கேட்பது: பேதுரு கீழ்ப்படிந்தார், வலை கிழியும் அளவுக்கு மீன் கிடைத்தது, நீங்களும் கீழ்ப்படியுங்கள், ஆசீர்வாதம் நிரம்பும். இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் முழுக்க நியாயப்பிரமாணம். நீ செய், அப்போது கிடைக்கும். போன வாரம் வலை காலியாகத் திரும்பியவன் இதைக் கேட்டு என்ன செய்வான்? இப்போது பகுதியைப் பாருங்கள். மீன் வந்த பிறகு பேதுரு குதிக்கவில்லை, "நான் பாவியான மனுஷன்" என்று காலில் விழுகிறார். எட்டாம் வசனத்தில் நியாயப்பிரமாணம் தன் வேலையை முடித்துவிட்டது, நீங்கள் கூடுதலாகத் திட்ட வேண்டியதில்லை. பத்தாம் வசனத்தில் இயேசு "பயப்படாதே" என்கிறார், நிபந்தனை ஏதும் இல்லை. அதற்குப் பிறகுதான் மனுஷரைப் பிடிக்கிற வேலையும் எல்லாவற்றையும் விட்டுப் பின்செல்வதும். வரிசை பகுதியிலேயே இருக்கிறது, நீங்கள் பாயிண்ட் ஒதுக்கவே வேண்டாம். கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசலாம், "பயப்படாதே"வுக்குப் பின்னால்.

முன்கூட்டித் திட்டமிட ஏதாவது வேண்டும் என்றால், அதே செமினரியில் 1940 முதல் பிரசங்கம் கற்பித்த ரிச்சர்ட் கேமரரின் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கேட்பவர்களிடம் என்ன நடக்க வேண்டும் என்பது இலக்கு, அதைத் தடுப்பது எது என்பது நோய், கிறிஸ்துவின் சுவிசேஷம் அதை எப்படித் தீர்க்கிறது என்பது வழி. மூன்றையும் தலா ஒரு வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால் பிரசங்கம் இன்னும் தயாராகவில்லை. பெரும்பாலும் சொதப்புவது மூன்றாவதில்: நோய்க்கு மருந்தாக இலக்கையே திரும்பச் சொல்லிவிடுவது. "அன்பு இல்லை, ஆகவே அன்பாயிருங்கள்."

பிரசங்கம் அளவுக்கு மீறி நீளக் கூடாது என்பதையும் வால்தர் தன் போதகப் பணி நூலில் ஒரு நிபந்தனையாகவே வைக்கிறார். இதைச் சொன்னவுடன் சபைக் கமிட்டிகளுக்குக் கொண்டாட்டம். அறிவிப்புகள், பிறந்தநாள் காணிக்கை வாசிப்பு, அறுப்பின் பண்டிகை ஏலம், சபைத் தேர்தல் வந்துவிட்டால் இரண்டு அணிகளின் விளக்கம், எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும். ஆராதனை நீளுகிறது என்றால் கத்திரி பிரசங்கத்தின் மேல்தான். வால்தர் கேட்டது அதையல்ல.

"இவர் அடிமை முறையை ஆதரித்தவர் ஆயிற்றே" என்று யாராவது வருவார்கள். உண்மைதான், அடிமை முறை அதனளவில் பாவம் அல்ல என்று உள்நாட்டுப் போர்க் காலத்தில் வாதாடினார். அதை நான் நியாயப்படுத்தப்போவதில்லை, அவருடைய அபிமானிகள் மறைப்பதும் சரியில்லை. "நியாயப்பிரமாணத்துக்கு வழிகாட்டும் பயனும் உண்டே" என்று சீர்திருத்த சபை நண்பர்கள் கேட்பார்கள். லுத்தரன்களின் விசுவாச அறிக்கைகளில் ஒன்றான 1577-ன் கன்கார்டு உடன்பாட்டின் ஆறாவது பிரிவு அதைத்தான் சொல்கிறது, வால்தர் அதை மறுக்கவில்லை.

நம் ஊருக்கு என்ன சம்பந்தம் என்றால்: 1895-ல் கிருஷ்ணகிரியில் மிசூரி சினாட் வேலையைத் தொடங்கிய மிஷனரி நேத்தரும், அவருடன் வந்த மோனும், முன்பு லைப்சிக் மிஷனில் இருந்தவர்கள். ஆம்பூர், நாகர்கோவில் ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) சபைகளின் வேர் அங்கே இருக்கிறது. ஆகவே அந்தச் சபையின் வயதான போதகர் யாராவது அருகில் இருந்தால், இந்த உரைகளுக்கு 1929-ல் வந்த டாவ் அவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவர் அலமாரியில் இருக்க வாய்ப்பு உண்டு. வாங்கினால் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். எட்டாவது, ஒன்பதாவது கருத்துரைகளின் உரைகளைப் படித்துவிட்டு, பிறகு முதல் பக்கத்துக்கு வாருங்கள்.