ரயிலில் சிபாப் ஓடுமா?

கேள்வி: அப்பா சிபாப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க முகமூடி வழியாகக் காற்றை ஊதும் CPAP கருவி) போட்டுத்தான் தூங்குவார். எழும்பூரிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரை போகிறோம். பெர்த் பக்கத்து சார்ஜிங் பாயின்ட் போதுமா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: அதை நம்பாதீர்கள்மா, அது மொபைலுக்கானது, ராத்திரியில் அணைத்தும் வைப்பார்கள். பேட்டரி எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை அதிகம் இழுப்பது காற்றை ஊதும் மோட்டார் இல்லை, தண்ணீரைச் சூடாக்கும் ஹியூமிடிஃபையரும் சூடாகும் குழாயும்தான், அதனால் டாக்டரிடம் கேட்டுவிட்டு அந்த இரண்டையும் அணைத்தால் அதே பேட்டரி வெகுநேரம் வரும். மெஷின் 30 வாட் இழுத்தால் 8 மணி நேரத்துக்கு 240 வாட்-ஹவர், பேட்டரியில் அவ்வளவாவது இருக்க வேண்டும். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரம்போல மாற்றும் இன்வெர்ட்டரில் கொஞ்சம் வீணாகும், பேட்டரியை மெஷினோடு நேரடியாக இணைக்கும் டிசி கேபிள் நல்லது, ஆனால் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று மெஷினில் பார்த்து வாங்குங்கள். அப்புறம், கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு ராத்திரி முழுக்க பேட்டரியில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.